பெட்டியும் பூனையும் இருபதாம் எண் தாளும்

(பணி நிறைவு காணும் எங்கள் பிரெஞ்சு ஆசிரியை அவர்களுக்கு, மொழிப் பள்ளியின் ஊழியர்கள் அனைவரும் அளிக்கும் பாராட்டு மடல். எழுதி வாசிப்பவர்: நூலகர்.)

சொல்லுக்குச் சொல் சுவை சேர்த்தவரே! பிழைக்குப் பிழை பச்சை மை வார்த்தவரே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல், இல்லை, முகம் சுளித்தாலும் முயற்சியில் முனை மழுங்காமல், எங்கள் முன்னின்று உழைத்த மொழிச்செல்வியே! மேலே, கீழே, முன்னே, பின்னே, உள்ளே, ஊடே, இடையே, அருகே என்று இவ்வுலகில் ஒரு பொருள் இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் நான்காம் அறை என்னும் நாலு சுவருக்குள் நாட்டிக் காட்டிய நல்லாசிரியையே! மாணவர்கள் மறைவாகவும் நாங்கள் அதைவிட மறைவாகவும் 'பெட்டியம்மா' என்று அழைத்து மகிழ்ந்த பெருந்தகையே! வணக்கம்! வணக்கம்! வந்தனம்!

இத்தகைய மடல் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும், கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மரபு. அதை எழுதும் பொறுப்பை நூலகராகிய என்னிடம் கொடுத்தது அலுவலக மேலாளர் செய்த தவறு. சட்டம் செய்து தர ஒப்புக்கொண்டவர், இரண்டு தெரு தள்ளித் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் தங்கள் கணவர். "என்ன நீளம் வேணும்?" என்று கேட்டார். "எழுதி முடிச்சப்புறம் சொல்றேன்" என்றேன். அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "அப்போ கதவு அளவுக்கே செஞ்சிடறேன்" என்றார். இன்று மேடையில் சாத்தி வைத்திருக்கும் சட்டத்தைப் பார்த்தவர்கள் அவர் சொன்ன சொல் தவறாதவர் என்பதை அறிவார்கள்.

அம்மையீர்! முப்பத்தோராண்டுகளுக்கு முன், மழை கொட்டிய ஒரு திங்கட்கிழமையன்று, தாங்கள் இப்பள்ளியின் நான்காம் அறைக்குள் நுழைந்தீர்கள். மாணவர் நால்வர், பெஞ்சு மூன்று, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ஜன்னல் ஒன்று. இலக்கணப் புத்தகத்தில் முன்னிடைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அது மேலா, கீழா, உள்ளா, புறமா என்று சொல்லும் சின்னஞ்சிறு சொற்கள். தாங்கள் அதை வாசிக்க வாசிக்க, நால்வரில் இருவர் கொட்டாவி விட்டார்கள், ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், மற்றவர் வெளிப்படையாகவே தூங்கினார். தாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் கக்கத்தில் ஒரு மரப்பெட்டியோடும் கையில் ஒரு மரப்பூனையோடும் வந்தீர்கள். இரண்டையும் ஒரே இரவில் செய்து கொடுத்தவர் தங்கள் கணவரே. அவசரத்தில் பூனைக்கு வால் வைக்க நேரமில்லாமல் போயிற்று. "மேடம், இது முயலா?" என்று முந்தைய நாள் தூங்கியவர் கேட்டார். "நான் பூனைன்னு சொன்னா பூனை" என்றீர்கள். அன்று முதல் அது பூனை. அதன் பின் வந்த ஒவ்வோராண்டும் அதே கேள்வியை யாராவது ஒருவர் கேட்டார், அதே பதிலைத் தாங்கள் சொன்னீர்கள், பூனைக்கு மட்டும் வால் வரவே இல்லை.

பூனை பெட்டியின் மேல் ஏறியது, 'ஸ்யூர்' என்றீர்கள். பெட்டிக்கு அடியில் போனது, 'ஸூ' என்றீர்கள். பல் மருத்துவருக்காக வகுப்பைத் தவறவிட்டவர் வந்தபோது, ஒருவர் வீட்டிலோ ஒருவரிடத்திலோ இருப்பதைச் சொல்ல 'ஷே' என்றொரு சொல் இருப்பதைச் சொல்லி, 'பல் மருத்துவரிடம் போயிருந்தேன்' என்று அவரைப் பிரெஞ்சில் சொல்ல வைத்தீர்கள். மிதிவண்டியில் போவதற்கு ஒரு முன்னிடைச்சொல், மோட்டார் காரில் போவதற்கு வேறொன்று. "ஏறி உக்காந்தா ஒண்ணு, உள்ள போயி உக்காந்தா இன்னொண்ணு. அவ்வளவுதான், இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று அழுதுகொண்டிருந்த ஒரு வங்கி அதிகாரியைத் தேற்றினீர்கள்.

தமிழில் பெட்டி முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'மேல்' என்பது பின்னால் வந்து தொற்றிக்கொள்ளும். பிரெஞ்சிலோ பெட்டி வருமுன்பே 'மேல்' வந்து நின்றுவிடும். இதை மூன்று பக்கம் விளக்கும் நூல்கள் என் நூலகத்தில் உள்ளன. தாங்கள் ஒரே வரியில் முடித்தீர்கள்: "பஸ்ஸுல போறோம்ல? முதல்ல துண்டைப் போடுங்க, அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க." அந்த மூன்று நூல்களையும் அதன் பின் எவரும் இரவல் கேட்டதில்லை.

தங்களிடம் படித்துவிட்டுக் கடல் கடந்து போன சமையற்காரர் ஒருவர் ஆறு மாதம் கழித்துக் கடிதம் போட்டார். அது இன்றும் நான்காம் அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறது. 'மேடம், இங்க கிச்சன்ல பேர் சொல்ல வேண்டியதுக்கெல்லாம் கையைக் காட்டிடறாங்க. மேலயா, கீழயா, உள்ளயா, பின்னாலயான்னு மட்டும்தான் கத்தறாங்க. என்கூட வந்த ரெண்டு பேரும் முழிச்சாங்க. நான் பிழைச்சுக்கிட்டேன்.' அந்தக் கடிதத்திலும் இரண்டு இடத்தில் பச்சை மை இருக்கிறது.

பச்சை மையைப் பற்றிப் பேசாமல் தங்களைப் பாராட்டுவது உப்பைப் பற்றிப் பேசாமல் சமையலைப் பாராட்டுவது போலாகும். சுற்றறிக்கை, அழைப்பிதழ், மருந்துச் சீட்டு, தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டிய செய்முறை, எதுவும் தங்கள் பேனாவுக்குத் தப்பியதில்லை. ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கப் போய், மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பில் மூன்று பிழைகளைத் திருத்திவிட்டு வந்தீர்கள். அதற்குப் பின் அளந்தபோது அழுத்தம் இறங்கியிருந்ததாம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஜெர்மன் ஆசிரியரோடு பதினைந்து நாள் பேச்சில்லாமல் இருந்தபோது, அவர் இறங்கி வந்து மன்னிப்புக் கடிதம் எழுதினார். அது மாலையில் அவர் மேசைக்குத் திரும்பி வந்தது. நான்கு திருத்தங்கள், அடியில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு சொல். அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

எங்களில் யாரும் பிரெஞ்சு படித்ததில்லை. ஆனாலும் தங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததால், பூவோடு சேர்ந்த நாராக எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கைப்பிடி இல்லாத நாற்காலி என்றால் அதன் 'மேல்' உட்கார வேண்டும், கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் அதன் 'உள்ளே' உட்கார வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டாம். தாங்கள் அதைத் தேநீர் இடைவேளையில் சொன்ன மறுநாள், வாயிற்காவலர் ஒரு விருந்தினரிடம், "சார், இந்த நாற்காலிக்குள்ள உக்காருங்க" என்று பணிவோடு சொல்ல, அவர் நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்துவிட்டார். இன்று தங்களுக்காக நாங்கள் தேடிப்பிடித்துப் போட்டிருப்பது கைப்பிடி வைத்த நாற்காலி. தயவுசெய்து உள்ளே நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். இனி வருவதற்கு அது தேவைப்படும்.

ஒரே ஒரு மாணவி மட்டும் சேர்ந்த ஆண்டு ஒன்று உண்டு. அந்த ஆண்டு முழுதும் அடுத்த அறையில் நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அதே குரலில் பாடம் நடத்தினீர்கள். "மேடம், ஒருத்தருக்குத்தானே?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். "ஒருத்தர் வந்தா அரைச் சத்தத்துல நடத்தணுமா? அவங்க என்ன அரை ஆளா?" என்றீர்கள். நூலகத்துக்குத் திரும்பிப் போனேன். அன்றிரவு வீட்டில் அதை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்பதை இத்தனை நாள் கழித்து இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆன்றோரே, சான்றோரே, அவையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே! மரபுப்படி இந்த இடத்தில் நான் நல்வாழ்த்துக் கூறி மடலை முடிக்க வேண்டும். முடிக்கப் போவதில்லை. அம்மையீர், தங்களிடம் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு முன் நிர்வாகத்திடமிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. பிரெஞ்சுப் பிரிவின் ஒரே ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அவர் ஓய்வு பெறும் மாதம் இருபத்தைந்தாம் தேதி மாலை நான்கு மணிக்குள் புதிய மாணவர் இருபது பேர் விண்ணப்பித்துச் சேர்ந்தால், ஓய்வுபெற்ற ஆசிரியையையே மாலை வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இருபதில் ஒன்று குறைந்தாலும் பிரிவு மூடப்படும். நான்காம் அறையில் நகலெடுக்கும் இயந்திரமும் பழைய கோப்புகளும் வைக்கப்படும். தாங்கள் அதை அறிவிப்புப் பலகையின் முன் நின்று படித்தீர்கள். பேனாவை எடுத்தீர்கள். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டுப் போனீர்கள். அந்தச் சுற்றறிக்கையில் ஏழு பிழைகள் இருந்தன, எனக்கே தெரிந்தது. மற்ற ஆறையும் தாங்கள் விட்டுவிட்டுப் போனதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நாட்கள் ஓடின. சேர்ந்தவர் யாருமில்லை. விசாரிக்க வந்தவர்கள்கூட, கைப்பேசியிலேயே கற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். தாங்கள் எதுவும் நடக்காதது போலவே இருந்தீர்கள், எங்களையும் வழக்கம்போலவே திட்டினீர்கள். உண்மை எங்களுக்குத் தெரிய வந்தது கேன்டீன் அக்காவால்தான். அன்று மாலை அவர் தேநீர்த் தட்டை என் மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மேடம் இன்னைக்கு டீயை ஆற விட்டுட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. என்னாச்சு மேடம்னு கேட்டேன். 'நான் போறது பெருசில்ல அக்கா. வயசானா போகத்தான் வேணும். ஆனா அந்த ரூமுல ஒரு ஜெராக்ஸ் மிஷின் வந்து உக்காந்துக்குமே, அதை நெனச்சாத்தான் தாங்கல'ன்னாங்க. சொல்லிட்டு என்னைப் பாத்து, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"நீங்க நாலு பேர்கிட்டச் சொல்லுவீங்கன்னுதான்" என்றார் அக்கா. "ஏன் சார், இருபது பேர்தானே வேணும்? இங்க இத்தனை பேர் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோமே. நாமளே சேர்ந்தா என்ன?"

மேலாளர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். ஊழியர் மாணவராகச் சேரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதும் அளவுக்கு அப்படியொரு யோசனை யாருக்கும் வந்ததில்லை போலும். தலையெண்ணிப் பார்த்தோம். தங்களையும், விண்ணப்பங்களில் கையெழுத்திட வேண்டிய முதல்வரையும், பிரசவ விடுப்பில் இருக்கும் ஜப்பானிய மொழி ஆசிரியையையும் விட்டுவிட்டால், பத்தொன்பது பேர் இருந்தோம்.

ஆனால் ஒரு கண்டம் இருந்தது, அதைக் கட்டி வைத்தவரும் தாங்களே. தொடக்க வகுப்பானாலும் சேர விரும்பும் ஒவ்வொருவரும் ஒரு பக்கத் தகுதித் தாள் எழுத வேண்டும். படத்தில் பூனை எங்கே, பெட்டி எங்கே என்று பத்துக் கேள்வி. அதில் குறைந்தது நான்கு விடை சரியாக இருக்க வேண்டும். வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் திருத்தப் பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருக்க வேண்டும். இருபதாண்டுக்கு முன் தாங்கள் போட்ட விதி. எங்கள் தாள்களைத் தாங்களே திருத்த வேண்டும். திருத்துவது எங்களுடையவை என்று தங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், "எனக்காக யாரும் பாவப்பட வேணாம்" என்று அத்தனையையும் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். முப்பத்தோராண்டு பழகியவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

ஆகவே ஒரு வாரம், பள்ளி முடிந்ததும் நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். பெட்டிக்குச் சாக்பீஸ் டப்பா, பூனைக்கு ரப்பர். அக்கா முதல் நாளே பிடித்துக்கொண்டார். ஜெர்மன் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி குறுக்கே வந்து நின்று வழிமறித்தது. எனக்கு எல்லாம் தெரியும்; ஆனால் சுருக்கமாகச் சொல்லத்தான் தெரியாது. இருபத்தைந்தாம் தேதி மதியம் எழுதினோம். மாலையில் மேலாளர் தாள்களைக் கட்டாகத் தங்கள் முன் வைத்து, "கிளைப் பள்ளியிலேருந்து வந்திருக்கு மேடம், அங்க திருத்த ஆளில்லையாம்" என்றார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் ஒரே பொய்யில் ஒரு வகுப்பைக் காப்பாற்றப் பார்த்தோம். மன்னித்தருள்க!

தாங்கள் தாள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்கள் என்று நினைத்தோம். ஆசிரியர் அறையிலேயே, எங்கள் நடுவிலேயே, பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தீர்கள். அடுத்த முக்கால் மணி நேரத்தை நாங்கள் இந்தப் பிறவியில் மறக்க மாட்டோம்.

"கடவுளே! இந்த மூணாம் நம்பரைப் பாருங்க. பூனை பெட்டிக்கு மேல, பெட்டி மேசைக்கு மேல, மேசை ஜன்னலுக்கு மேல. எல்லாமே மேல! இந்த ஆளுக்கு வாழ்க்கையில கீழன்னு ஒண்ணே கிடையாதா?"

மூன்றாம் எண்ணாகிய மேலாளர் தம் காலணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாம் நம்பருக்கு வேற ஏதோ ஒரு மொழி தெரியும்போல. அதுவும் ஒழுங்காத் தெரியாது."

"அப்படி ஒண்ணும் மோசமா இருக்காதே மேடம்!" என்று ஜெர்மன் ஆசிரியர் எழுந்தேவிட்டார்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல... பொதுவாச் சொன்னேன்."

"பதினோராம் நம்பர் பத்துக்கு எட்டு. பலே! இவங்க வீட்டுல வச்ச சாமான் வச்ச இடத்துல இருக்கும், எழுதி வச்சுக்கோங்க." அப்போது அவ்வழியே போன அக்கா, கேட்காமலே தங்கள் தட்டில் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்துவிட்டுப் போனதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

"இந்தப் பதினேழு யாருப்பா? ஒரு வரியில பதில் கேட்டா பத்து வரி எழுதியிருக்கார். கடைசிவரைக்கும் தேடிட்டேன், பூனையைக் காணோம்." அவையோரே, அந்தப் பதினேழு யார் என்பதை இம்மடலின் நீளமே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

திட்டினீர்கள், தலையில் அடித்துக்கொண்டீர்கள், ஆனால் மூன்று மாதங்களுக்குப் பின் அன்றுதான் தங்கள் தேநீர் சூடாக இருக்கும்போதே தீர்ந்தது. எல்லாரும் எப்படியோ தட்டுத்தடுமாறி நான்கைத் தாண்டியிருந்தோம். பத்தாம் கேள்வி மட்டும் படத்தைப் பற்றியது அல்ல, வகுப்பில் எங்கே உட்கார விரும்புகிறீர்கள் என்பது. பத்தொன்பது தாளிலும் ஒரே விடை: பின்னால். "எங்கிருந்துதான் பிடிச்சாங்களோ, அத்தனையும் கடைசி பெஞ்சு!" என்று சிரித்தீர்கள். அதற்குப் பின் கட்டின் அடியிலிருந்த தாளை எடுத்தீர்கள். இருபதாம் எண்.

பேனா நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "எழுத்தெல்லாம் பாழ். காதால கேட்டதை அப்படியே பெரிய பெரிய எழுத்தா எழுதியிருக்கார். பள்ளிக்கூடத்துல உக்காந்து படிச்சவர் இல்ல. ஆனா ஒரு இடம்கூடப் பிசகல. பத்துக்குப் பத்து. இவர் மட்டும் முன் பெஞ்சு கேட்டிருக்கார்." தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தீர்கள். "இந்த ஆள் யார்கிட்டயோ ரொம்ப நாளாக் கத்துக்கிட்டிருக்கார். அந்த டீச்சர் குடுத்து வச்சவங்க."

ஜெர்மன் ஆசிரியர் சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனார். ஆசிரியர் அறை ஜன்னலும் ஒரு பக்கம்தான் திறக்கும்; அவர் போனது திறக்காத பக்கத்துக்கு. கேன்டீன் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆம் அம்மையீர்! நாங்கள் பத்தொன்பது பேர்தான். அன்று மதியம் மூன்றே முக்கால் வரை இருபதாவது ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மேலாளர் தெருவில் போன தபால்காரரைக்கூடக் கெஞ்சிப் பார்த்துவிட்டார். கேன்டீன் அக்கா மட்டும் எங்களிடம் சொல்லாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு நடை போய் வந்திருக்கிறார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, சட்டையெல்லாம் மரத்தூளோடு ஒருவர் அலுவலக ஜன்னலில் வந்து நின்றார்.

"ஒரு ஆள் குறையுதாமே?" என்றார். "எனக்குத் தமிழே தகராறு. இருந்தாலும் ஒரு தாளைக் குடுங்க, பாப்போம்."

காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தார். பலகையில் குறி போடும்போது எழுதுவாரே, அந்தப் பெரிய எழுத்தில் எழுதினார். எட்டே நிமிடம். மேலாளர் வாங்கி, இருபது என்று எண் போட்டுக் கட்டின் அடியில் வைத்தார். வந்தவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "தினமும் ராத்திரி சாப்பிடும்போது மறுநாள் பாடத்தை எங்கிட்டத்தானே சொல்லிப் பாக்குறா. உப்பு டப்பாவை இங்க வைப்பா, மூடியை அங்க வைப்பா. ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுவேன்னுதான் நானும் நெனச்சேன். நடுவுல கொஞ்சம் தங்கிடுச்சு போல. வீட்டுல சொல்லிடாதீங்க. ஒண்ணும் புரியலன்னு முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அம்மையீர், இப்போது தாங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மின்விசிறியை ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வெட்கம் அதிகம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடுகிறேன்.

புதன்கிழமை முழுதும் தாங்கள் தேடித் தேடிக் களைத்து, வாயிற்காவலரைக்கூடச் சந்தேகித்த அந்த மரப்பெட்டி தொலைந்து போகவில்லை. இதோ, தங்கள் முன் மேசை மேல் துணி போர்த்தி வைத்திருப்பது அதுதான். துணியை எடுங்கள். திறங்கள். உள்ளே இருப்பது புதிய வருகைப் பதிவேடு. நான்காம் அறை, பிரெஞ்சுத் தொடக்க வகுப்பு, மாலை ஐந்தரை மணி. இருபது பெயர்கள் இருக்கின்றன, முதல்வரின் கையெழுத்தும் நிர்வாகத்தின் முத்திரையும் இருக்கின்றன. நகலெடுக்கும் இயந்திரத்தை மேலாளர் தம் சொந்த அறையிலேயே வைத்துக்கொண்டார். இனி அதன் இரைச்சலைக் குறித்து அவர் புலம்பினால் தயைகூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் மேல் உட்கார்ந்திருப்பது தங்கள் பூனை. கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முப்பத்தோராண்டு கழித்து அதற்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. "அப்போ நேரமில்லாமப் போச்சு, இப்போ வச்சுட்டேன்னு சொல்லுங்க" என்றார் செய்தவர்.

வாழ்த்தாமல் முடித்தால் மடல் ஆகாது. ஆகவே, அன்பே உருவான ஆசானே, அதட்டலே அழகான அம்மையே! நோயொன்றும் நெருங்காமல், நோவொன்றும் தீண்டாமல், நூறாண்டைத் தாண்டியும் நிமிர்ந்த நடையோடும் வற்றாத பச்சைப் பேனாவோடும், கணவரும் மக்களும் களித்திருக்க, கற்றவரெல்லாம் கடல் கடந்தும் கைகூப்ப, நீடு வாழ்க! நிறைந்து வாழ்க! எங்களைத் திட்டித் திட்டியே திடமாக வாழ்க!

தாங்கள் ஓய்வு பெறுவது இன்று மாலை ஆறு மணிக்கு. வகுப்பு திங்கட்கிழமை ஐந்தரைக்கு. நடுவில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள். கதவைத் திறந்ததும் பின் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு பத்தொன்பது முகங்கள் தெரியும். அவற்றைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். முன் பெஞ்சில் ஒருவர் தலைவாரி, சட்டையில் மரத்தூள் இல்லாமல், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் அவர் பெயரைக் கூப்பிடுங்கள்.

இவண்,
தங்கள் அன்புச் சக ஊழியர்கள் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு எழுதுவது:

தங்கள் மாணவர்கள்,
எண் ஒன்று முதல் பத்தொன்பது வரை (நீல மையில்),
எண் இருபது (தச்சுப் பென்சிலில், பெரிய எழுத்தில்).